மூன்றாம் நாள் ராத்திரி

1984 டிசம்பரில் என் சித்தப்பாவுக்குச் சென்னையில் பைபாஸ் செய்தார்கள். எங்கள் அடையவளஞ்சான் தெருவில் அப்போது நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்றால் ஆள் பாதி போய்விட்டதாகத்தான் பேச்சு. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் சாரம் கட்டிப் பாதியில் நின்ற காலம். ரயிலுக்குக் கிளம்பும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி அண்ணாந்து பார்த்தார். "இதை முழுசாப் பார்ப்பேனாடா?" என்றார். பார்த்தார். 1987 மார்ச் 25 கும்பாபிஷேகத்தன்று மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து 13 நிலைகளையும் விரல்விட்டு எண்ணினார். கணக்கு வாத்தியார், எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

2023 ஆகஸ்டில் அவருடைய மகனுக்கும் அதே ஆபரேஷன். எனக்குத் தம்பி முறை, வயது 61. இந்தத் தடவை ரயில் இல்லை, நகை அடகு இல்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டி அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்கிற தூரம்.

இரண்டு பேருக்கும் துணைக்கு இருந்தவன் நான். நடுவில் 39 ஆண்டுகள். கருவி மாறியது, ஊர் மாறியது, செலவைக் கொடுக்கிற கை மாறியது. ஆனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்று அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி இருவருடைய இதயமும் தறிகெட்டு ஓடியது.

அன்றைய ராத்திரியை முதலில் சொல்கிறேன். ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாள். பதினொரு மணி இருக்கும். சித்தப்பா இடது மணிக்கட்டில் வலது கை விரல்களை வைத்து, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது தடவையும் தோற்றபிறகு என்னைக் கூப்பிட்டார். "டேய், எண்ண வரமாட்டேங்குதுடா. ரெண்டு சேர்ந்து வருது, அடுத்ததைக் காணோம், அப்புறம் மூணு அடிச்சுப் பிடிச்சு ஓடியாறது. எந்த வரிசையிலயும் அடங்கல."

இந்த நோயைப் பற்றிப் பின்னாளில் எவ்வளவோ படித்துவிட்டேன். அந்த வாத்தியார் சொன்னதைவிடத் துல்லியமான விவரணை எதிலும் கிடைக்கவில்லை. டாக்டர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள், சுருக்கமாக ஏஎஃப். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒரே சீராகச் சுருங்காமல் நடுங்க ஆரம்பித்துவிடும். நிமிஷத்துக்கு 350-க்கும் மேலே மின்தூண்டல்கள் கண்டபடி கிளம்பும். நடுவில் இருக்கும் வாசல் அவற்றில் சிலதை மட்டும் கீழறைக்கு விடும். எதை விடும், எதை விடாது என்பதற்குக் கணக்கே கிடையாது. நாடி வேகமாக ஓடும், ஓடுவதிலும் ஒழுங்கிருக்காது. மேலறையில் ரத்தம் தேங்கினால் கட்டி சேரலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பைபாஸ் ஆனவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில்.

அன்று எங்களுக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. சித்தி வராந்தாவில் உட்கார்ந்து, "ஆபரேஷன் கெட்டுப்போச்சா, கெட்டுப்போச்சான்னு கேளேன்" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஓடிவந்தார், ஈசிஜி எடுத்தார்கள், டிகாக்சின் ஊசி போட்டார்கள். டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வரும் மருந்து. 1785-லேயே இங்கிலாந்தில் விதரிங் என்ற டாக்டர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். அந்த இருநூறு வருஷப் பழைய மருந்துதான் அன்று கைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் சித்தப்பா தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எண்பத்தி நாலு. ஒழுங்கா வருது" என்றார். ஊருக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னேன். ஏன் வந்தது, எதற்குப் போனது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. டாக்டரிடம் ஏன் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்த காலம்.

ஏன் என்பதில் ஒரு பங்கு இன்டெரால் என்ற மாத்திரைக்கு இருந்திருக்கலாம் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. சித்தப்பா இரண்டு வருஷமாக நெஞ்சுவலிக்கு அதைச் சாப்பிட்டுவந்தார். ப்ராப்ரனலால் என்பது மருந்தின் பெயர். 1960-களில் அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. பீட்டா பிளாக்கர் என்ற வகையில் முதன்முதலாகப் பரவலான மருந்து. அட்ரினலின் கொடுக்கிற சாட்டையடி இதயத்தின் மேல் விழாமல் தடுப்பது அதன் வேலை. சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உள்ளூர் டாக்டர் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார்.

அவரைக் குறை சொல்ல வழியில்லை. 1972-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு சின்ன அறிக்கை வந்தது. ப்ராப்ரனலால் சாப்பிட்ட சிலர் இதய ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார்கள். மருந்து இதயத்தை அமுக்கிவிட்டது போலிருக்கிறது. இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள் என்றது அது. ஒரு கைவிரலில் அடங்கும் எண்ணிக்கைதான். ஆனாலும் பயம் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஆபரேஷனுக்கு முன் இன்டெராலை நிறுத்துவது பல இடங்களில் சடங்காகவே ஆனது. சாட்டையைத் தடுத்துக்கொண்டிருந்த கை திடீரென்று விலகினால், தடுப்பே இல்லாமல் இருந்ததைவிட அடி பலமாக விழும் என்பது அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது.

அது மெதுவாகத் திரும்பிய கதை. 2002-இல் 27 ஆய்வுகளை, மொத்தம் 3,840 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பீட்டா பிளாக்கர் கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு இந்தப் படபடப்பு வந்தது. கொடுத்தவர்களில் 19 பேருக்கு. அன்று நிறுத்து என்றதை இன்று நிறுத்தாதே என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை, டாக்டர் சொன்னால் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடு. பிறகு உடம்பு தாங்குகிற அளவுக்கு வந்தவுடன் மறுபடி ஆரம்பி. தடுப்பு என்று வரும்போது பல மருத்துவ வழிகாட்டிகளும் சொல்வது இதைத்தான். விலை சில ரூபாய். இதற்கு யாரும் திறப்பு விழா நடத்தமாட்டார்கள், ரிப்பன் வெட்டமாட்டார்கள்.

ஆபரேஷன் நம் பக்கம் வந்து சேர்ந்த பாதையையும் சொல்ல வேண்டும். கால் நரம்பை எடுத்து இதயத்தில் ஒட்டுப்போடும் முறையை 1967-இல் கிளீவ்லண்டில் ஃபாவலோரோ நிலைநாட்டினார். எட்டே வருஷத்தில், 1975-இல், இந்தியாவின் முதல் பைபாஸை டாக்டர் கே.எம். செரியன் செய்தார். எங்கே? டில்லியில் இல்லை, பம்பாயில் இல்லை. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில். இதில் திருச்சிக்காரர்களுக்கு ஒரு சொந்தம் உண்டு. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குப் பெரம்பூர் தங்கள் சொந்த ஆஸ்பத்திரி. பாஸ் வாங்கிக்கொண்டு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்கள். "அவரு பெரம்பூர் போய்ட்டு வந்தாரு" என்று பொன்மலை மார்க்கெட்டில் யாராவது சொன்னால், நெஞ்சில் தையல் என்று அர்த்தம். ரயில்வேயில் வேலை இல்லாத என் சித்தப்பா மாதிரியானவர்கள் நகையையும் மனைக்கட்டையும் பார்த்தார்கள்.

பிறகு எல்லாம் வேகம். 1999-இல் திருச்சியில் ஆரம்பித்த காவேரி மருத்துவமனை பிறகு சென்னைக்கும் கிளை விட்டது. சென்னைக்குப் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்றிருந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரி சென்னைக்குப் போன விசித்திரம். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-இல் கலைஞர் காப்பீடு, 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு. மண்ணச்சநல்லூரில் ஆடு மேய்க்கிறவருக்கும் பைபாஸ் கிடைக்கிற வழி அப்போதுதான் திறந்தது. அரசியல்வாதிகளை ஆயிரம் திட்டலாம். எங்கள் ஊரில் அடகுக்கடை வாசலை மிதிக்காமல் நெஞ்சு ஆபரேஷன் நடப்பதை நான் பார்த்துவிட்டேன், இந்த ஒன்றில் வாயை மூடிக்கொள்கிறேன்.

இனி தம்பியின் கதை. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "ரத்தம் இளக்குற மாத்திரையை அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க சார்." குளோபிடோக்ரெலைச் சொன்னார்கள். அதை நிறுத்தாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, சரியான பேச்சு. ஆனால் போனை எடுத்தது தம்பி மனைவி. அவள் காதில் "மாத்திரையை நிறுத்திடுங்க" என்பது மட்டும் அழுத்தமாக விழுந்தது. மாத்திரை டப்பா முழுவதையும், திங்கள் செவ்வாய் என்று அறை பிரித்த அந்த பிளாஸ்டிக் டப்பாவை, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ரத்தம் இளக்கும் மாத்திரையோடு சேர்ந்து மெட்டோப்ரோலாலும் உள்ளே போய்விட்டது. அதுதான் இன்றைய காலத்து இன்டெரால்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது டப்பாவைக் காணோமே என்று கேட்டேன். "டாக்டரே சொல்லிட்டாங்க அத்தான், எல்லாத்தையும் நிறுத்தியாச்சு" என்றாள். எனக்கு 1984 கண்முன் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒவ்வொரு மாத்திரையாகப் பெயர் சொல்லிக் கேட்டோம். எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு பெயர் வந்தது. எதைக் கட்டாயம் தொடர வேண்டும் என்பதில் முதல் பெயர் மெட்டோப்ரோலால். இரண்டு வேளை தவறியிருந்தது. யார் மேலும் தப்பில்லை. போனில் சொன்ன ஒரு வாக்கியத்துக்குள் ஒன்பது மாத்திரை இருந்தது, அவ்வளவுதான்.

அட்மிட் ஆன அன்று ராத்திரி ஒரு நர்ஸ் பொண்ணு வந்தது. இருபத்தி நாலு வயது இருக்கும், துறையூர்ப் பக்கம். தம்பியிடமும் அவன் மனைவியிடமும் சொன்னது: "மூணாவது நாள் வாக்குல நெஞ்சு படபடன்னு அடிக்கலாம். நிறையப் பேருக்கு வரும். ஆபரேஷன் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. பெல்லை அழுத்துங்க." சித்தி வராந்தாவில் இரண்டு ராத்திரி கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு 39 வருஷம் கழித்து, கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்தது. இந்த இரண்டு ஆபரேஷன்களுக்கும் நடுவில் என்ன மாறியது என்று என்னைக் கேட்டால், எந்த மெஷினையும் சொல்வதற்கு முன்னால் இந்தப் பெண்ணைச் சொல்வேன்.

சித்தப்பாவுக்கு இதயத்தை நிறுத்தி, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, தொடையிலிருந்து கணுக்கால் வரை கீறி எடுத்த நரம்பை வைத்துத் தைத்தார்கள். கடைசிவரை வேட்டி விலகினால் அந்தத் தழும்பு தெரியும். தம்பிக்கு இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்தார்கள். முக்கியமான ஒட்டு மார்புக்குள்ளேயே ஓடும் தமனியிலிருந்து. மறுநாளே எழுப்பி உட்காரவைத்து, மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். மூச்சை இழுத்தால் பந்து மேலே போக வேண்டும். முதல் நாள் ஒன்றுதான் போனது. நுரையீரல் அடிப்பக்கம் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இது. ஆக்சிஜன் குறைந்தால் இதயத்துக்கும் கோபம் வரும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். திருச்சிக்காரன் நோயாளியைப் பார்க்க வேறு எதைக் கொண்டுவருவான்? 1993-லிருந்து தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு சொந்தக்காரர் பூவன் பழத்தை உரித்துக் கையில் கொடுத்து, "பொட்டாசியம் ஏறினா ஹார்ட் படபடக்காது, தின்னு" என்று வைத்தியமும் சொன்னார். அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்தால் தாளம் கெடும். நீர் பிரியக் கொடுக்கும் மருந்தில் பொட்டாசியமும் கரைந்து போகும். அதனால் உலகம் முழுக்க இதய ஆபரேஷன் ஐசியூக்களில் அதை 4.5-க்கு மேலே ஏற்றிவைத்தே தீருவது என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். 2024-இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 1,690 பைபாஸ் நோயாளிகளை வைத்து இந்தப் பழக்கத்தையே சோதித்தார்கள். 4.5-க்குக் கீழே இறங்கியவுடன் கொடுத்தவர்களில் 26.2 சதவீதம் பேருக்குப் படபடப்பு. 3.6-க்குக் கீழே போனால் மட்டும் கொடுத்தவர்களில் 27.8. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பல்லாண்டு காலம் ஏற்றிய பொட்டாசியத்தில் பெரும்பகுதி வீண் என்று ஆயிற்று. கிட்னி கெட்டவர்களுக்கு அதிகப் பொட்டாசியம் ஆபத்து என்பதையும் அந்தச் சொந்தக்காரரிடம் சொன்னேன். பழத்தை அவரே சாப்பிட்டார்.

இந்தத் துறையில் நல்ல யோசனைகள் கவிழ்ந்த கதை நிறைய. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அழற்சியைக் குறைக்குமே, படபடப்பையும் தடுக்குமா என்று சீனாவில் 1,922 பேரிடம் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் நூற்றில் சுமார் 21 பேர் வீதம், ஒரே அளவு. மீன் எண்ணெயை 2012-இல் 1,516 பேரிடம் பார்த்தார்கள், ஏறக்குறைய 30-க்கு 30. மீன் வாசனையே ஆகாத எங்கள் உத்திர வீதிகள் நிம்மதியாக இருக்கலாம். ஒரு காலத்தில் தடுப்பாகவே கொடுத்துப் பார்த்த டிகாக்சினும் தடுக்கவில்லை என்று 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வந்தபிறகு வேகத்தைக் குறைக்க உதவும், வராமல் காக்காது.

தேறியவை கொஞ்சம்தான். அமியோடரோன் என்ற மருந்தை ஆபரேஷனுக்கு 6 நாள் முன்பிருந்து 6 நாள் பின்பு வரை கொடுத்து, கனடாவில் 601 பேரைக் கவனித்தார்கள். 2005-இல் வந்த அந்த ஆய்வில் 29.5 சதவீதம் 16.1 ஆகக் குறைந்தது. ஆனால் தைராய்டு, நுரையீரல், கண் என்று நாள்பட்டால் தொல்லை கொடுக்கும் மருந்து. அதனால் எல்லோருக்கும் வாரி வழங்குவதில்லை; வயதானவர், மேலறை வீங்கியவர், ஏற்கெனவே ஏஎஃப் வந்து போனவர் என்று ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கத்தரி வேலை. இதயத்தை மூடியிருக்கும் உறையைத் திறந்துதான் பைபாஸ் செய்கிறார்கள். முடிந்தபிறகு கசியும் ரத்தம் உறையின் பின்பக்கத்தில், இடது மேலறையை ஒட்டித் தேங்கி உறைகிறது. அந்தத் தேக்கம் மேலறையை உறுத்திக்கொண்டே இருக்கும். சரி, தேங்குகிற இடத்தில் ஒரு வடிகால் வெட்டிவிட்டால்? உறையின் பின்பக்கம் சில சென்டிமீட்டர் கீறினால் ரத்தம் இடது நுரையீரல் பக்கம் வடிந்துவிடும். நியூயார்க்கில் 420 பேரிடம் செய்து 2021-இல் வெளியிட்டார்கள். கீறாதவர்களில் 32 சதவீதம், கீறியவர்களில் 17. மருந்து இல்லை, கூடுதல் செலவு இல்லை, சில நிமிஷம். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கும் எங்களுக்கு இதன் நியாயம் சட்டென்று புரியும். தண்ணீர் தேங்கினால் வாய்க்கால் வெட்டுவதைத்தானே எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். இதயத்துக்கு அதைச் செய்துபார்க்க இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் தம்பிக்கு வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டே கால் மணி. அவனுக்கு எதுவும் தெரியவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டு மானிட்டரில் 78 என்று இருந்த எண் 142 என்று தாவியது, பச்சைக் கோட்டில் முட்கள் நெருங்கின. நர்ஸ் ஸ்டேஷனில் மணி அடித்தது. அதே பொண்ணு. வந்தவுடன் மானிட்டரைப் பார்க்காமல் முதலில் அவன் மணிக்கட்டைப் பிடித்தது எனக்குப் பிடித்திருந்தது. ரத்தம் எடுத்துப் பொட்டாசியமும் மக்னீசியமும் பார்த்தார்கள், அமியோடரோன் டிரிப்பில் ஏறியது. பத்து மணி நேரம். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போது கோடு ஒழுங்குக்கு வந்திருந்தது. "ராத்திரி வந்துச்சாமே?" என்று என்னிடம் விசாரித்தான்.

அப்படியானால் 39 வருஷத்தில் என்னதான் குறைந்தது? பத்தில் மூன்று என்ற கணக்கு அன்றிலிருந்து பெரிதாக இறங்கவில்லை. இதைச் சிலர் மருத்துவத்தின் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் படபடப்புக்கு முதல் காரணம் வயது. அன்று 70 வயதுக்காரரை ஆபரேஷன் மேஜைக்கு ஏற்றவே தயங்குவார்கள். இன்று 75-இல், சர்க்கரை, பிரஷர், பருமன் எல்லாவற்றோடும் ஏற்றி, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தடுக்கிற கை பலமாகும்போதே வருகிறவர்களின் இதயத்துக்கும் வயது கூடிவிட்டது. எண்ணிக்கை நின்ற இடத்தில் நிற்பதே இந்தப் பக்கம் நடந்த வேலைக்குச் சாட்சி.

ஆஸ்பத்திரி தன் பங்கைச் செய்துவிட்டு வெளியே அனுப்புகிற இடத்தில்தான் இப்போது ஓட்டை. கனடாவில் ஓர் ஆய்வு: ஆஸ்பத்திரியில் படபடப்பு வராமல் வீட்டுக்குப் போனவர்களின் நெஞ்சில் சின்ன மானிட்டரை ஒட்டி ஒரு மாதம் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு வீட்டில் வந்திருக்கிறது. மானிட்டர் ஒட்டாதவர்களில் கண்டுபிடிக்கப்பட்டது நூற்றில் இரண்டு பேரைக்கூடத் தொடவில்லை. வராததால் இல்லை, பார்க்க ஆளில்லாததால். லால்குடிக்கும் முசிறிக்கும் திரும்பிப் போகிறவர்களுக்கு நெஞ்சில் ஒட்ட யார் மானிட்டர் கொடுப்பார்கள்? ஆனால் மணிக்கட்டு எல்லோருக்கும் இருக்கிறது. நாடி பார்ப்பது நம் ஊருக்குப் புதிதா? வாதம் கோழி நடை, பித்தம் ஆமை நடை, கபம் பாம்பு ஊர்தல் என்று சித்த வைத்தியர்கள் விரல்நுனியில் பிரித்தார்கள். அந்த நுணுக்கம் தேவையில்லை. காலையில் எழுந்தவுடன் மூன்று விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணவே வராமல் போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரிந்தால் போதும். சித்தப்பா கடைசிவரை எண்ணினார். 2003-இல் அவர் காலமானது வேறு காரணத்தால்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு ஓட்டையும் உண்டு. 2023 டிசம்பர் 23 வைகுண்ட ஏகாதசி. தம்பிக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாதம். சொர்க்கவாசல் திறப்புக்குக் கூட்டத்தில் போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். கேட்டுக்கொண்டு வீட்டில் டிவியில் பார்த்தான். மத்தியானம் யதேச்சையாகக் கேட்டேன், காலை மாத்திரை போட்டாயிற்றா என்று. "இன்னிக்கு ஏகாதசி அண்ணா. பச்சைத் தண்ணிகூட இல்ல, மாத்திரை எப்படி?" என்றான். மாதத்துக்கு இரண்டு ஏகாதசி. இதுவரை எட்டு நாளாவது விட்டிருப்பான் போலிருக்கிறது. கோபத்தை அடக்கிக்கொண்டு, கோயிலுக்குள் தன்வந்திரி சன்னிதி எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். பெருமாள் கோயில் வளாகத்தில் ஆரோக்கியசாலை என்ற பெயரில் ஆஸ்பத்திரி இருந்தது. படையெடுப்பில் அழிந்துபோன அதைக் கருடவாகன பட்டர் மறுபடி எடுத்துக் கட்டி, தன்வந்திரியைப் பிரதிஷ்டை செய்ததாக 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. "உங்க பெருமாளே வைத்தியரைப் பக்கத்துல வச்சிண்டிருக்கார்டா. உனக்கு ஒரு மாத்திரை விரதத்தைக் கெடுத்துடுமா?" பதில் பேசவில்லை. ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொண்டான்.

வீட்டில் யாருக்காவது பைபாஸ் தேதி குறித்திருந்தால், இன்றே ஒரு தாள் எடுத்து எல்லா மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறுத்து, தொடர் என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்றும் அதே தாளை மறுபடி நீட்டி, எந்த மாத்திரை எத்தனை நாள், விரத நாளில் என்ன செய்வது என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது.